டிம் சம் கடையும் பக்கத்து வீட்டுக் கொழுக்கட்டையும்

 

போன மாதம் மகள் முகநூலில் போட்ட ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஊரில் மூன்று பேர் என்னைப் பிடித்துக் கேள்வி கேட்டார்கள். பள்ளிவாசல் படியில் செருப்புப் போடும்போது ஒருவர், "சேர், சீனன்ட கடையில சாப்பிட்டனீங்களாமே, அது சரிவருமா?" என்று கேட்டார். பாடசாலையில் ஒரு ஆசிரியை, "பில் எவ்வளவு சேர் வந்தது?" என்று கேட்டார். மூன்றாவது ஆள் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. அவர் கேட்டதைக் கடைசியில் சொல்கிறேன். உண்மையில் அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

மனைவிக்குக் கண் காட்டுவதற்காகக் கொழும்புக்குப் போயிருந்தோம். முல்லைத்தீவு இரவு பஸ்ஸில் ஏறி விடியப் போய் இறங்கினால் கை கால் எல்லாம் யாரோ கட்டிப்போட்டது மாதிரி இருக்கும். மகள் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். "வாப்பா, ஒவ்வொரு முறையும் புறக்கோட்டையில சோத்துப் பார்சல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுறீங்க. இந்த முறை நான் கூட்டிக்கொண்டு போற இடத்திலதான் சாப்பிடணும்" என்றாள். பிள்ளை உழைத்த காசில் தாய் தகப்பனைச் சாப்பிட வைக்க ஆசைப்படுகிறாள். மறுக்க மனம் வரவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு நேரம் இருந்ததால் காலையில் இரண்டு பேரையும் தேசிய நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வருடக்கணக்காக வகுப்பில் நான் படிப்பிக்கிற ஒரு கல் அங்கே இருக்கிறது. மனைவி அதை ஒருநாளும் பார்த்ததில்லை. 1911 இல் காலியில் கண்டெடுத்த கல்வெட்டு அது. சீனாவிலிருந்து பெரும் கப்பற்படையோடு வந்த செங் ஹ என்ற தளபதி கொண்டுவந்தது. கல்லில் உள்ள ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் வெட்டியிருக்கிறார்கள். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தேனாவரை நாயனாருக்குக் காணிக்கை. பாரசீகப் பகுதி கொஞ்சம் தேய்ந்துபோய் இருக்கிறது, அது அல்லாஹ்வைப் புகழ்கிறது. அந்தத் தளபதி யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். நல்ல பிள்ளையாக வந்து நல்ல பிள்ளையாகப் போனார் என்று சொல்லமாட்டேன். இங்கே சண்டை பிடித்து, அழகக்கோனாரைச் சிறைபிடித்துக்கொண்டும் போனார்கள். ஆனாலும் கல்லை வெட்டுவதற்கு முன்னால் அந்தக் கப்பலில் யாரோ ஒருவர், "இந்தக் கரையில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் யாரைக் கும்பிடுகிறார்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் அப்படி ஒரு கல்லை வெட்ட முடியாது.

அங்கிருந்து காலிமுகத்திடலுக்கு எதிரே இருக்கிற அந்தப் பெரிய மோலுக்குப் போனோம். ஒன் கோல் பேஸ் என்று பெயர். 2019 நவம்பரில் திறந்தது. வெளியே கடற்காற்றும் வெயிலும். உள்ளே போனால் நுவரெலியாக் குளிர். தரை எங்கள் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. மனைவி அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயந்து நின்றாள். மகள் கையைப் பிடித்து ஏற்றினாள்.

என் பயம் வேறு. அந்த மோலுக்குப் பக்கத்தில்தான் ஷங்ரி-லா ஹோட்டல். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை, அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நடுவில் குண்டு வெடித்தது. வெடிக்க வைத்தவர்களுக்கு எங்கள் பெயர்களைப் போன்ற பெயர்கள். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நாங்கள் பஸ்ஸில் எப்படி இருந்தோம், பாடசாலைக்கு எப்படிப் போனோம் என்பது இதை வாசிக்கிற முஸ்லிம்கள் எல்லோருக்கும் தெரியும். வாசலில் பையைக் காட்டச் சொன்னார்கள். எல்லோரிடமும்தான் கேட்டார்கள். ஆனாலும் நான் கேட்பதற்கு முதலே சிரித்துக்கொண்டு பையைத் திறந்து நீட்டினேன். அந்தச் சிரிப்பு ஆறு வருடப் பழக்கம்.

மகள் கூட்டிப்போனது ஒரு டிம் சம் கடை. பெயர் வேண்டாம். டிம் சம் என்பது தென்சீனாவின் குவாங்டொங் பக்கத்துச் சாப்பாடு. அந்தச் சொல்லுக்கு "நெஞ்சைத் தொடுவது" என்கிற மாதிரி அர்த்தம் சொல்வார்கள். அங்கே டிம் சம் சாப்பிடப் போவதை "யம் சா" என்பார்கள், அதாவது தேத்தண்ணி குடிக்கப் போவது. தேத்தண்ணிதான் பிரதானம், அதற்குத் தொட்டுக்கொள்ளச் சின்னச் சின்னப் பலகாரம். யாராவது உங்கள் கோப்பையில் ஊற்றினால் வாயால் நன்றி சொல்லாமல் இரண்டு விரலால் மேசையில் தட்டுவது அவர்கள் வழக்கம். மகள் இதை எனக்குப் படிப்பித்தாள். வாத்தியாருக்கும் வாத்தியார் உண்டு.

பலகாரம் வருவது மூங்கில் தட்டில். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி அவிக்கிறார்கள். பக்கத்து மேசையில் மூடியைத் திறந்தபோது ஆவி எழும்பியது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கட இடியப்பத் தட்டுத்தானே. இதுக்கா இவ்வளவு தூரம் வந்த நாங்க?" என்றாள். பிழை சொல்ல முடியாது. இடியப்பம், பிட்டு, கொழுக்கட்டை, பெருநாள் வட்டிலப்பம் என்று நாங்களும் ஆவியில் வளர்ந்த சனம்தான்.

மெனு வந்தது. மகள் தனக்குப் பிடித்ததைக் காட்டினாள், ஹார் காவ். கண்ணாடி மாதிரி மெல்லிய மாவுத் தோலுக்குள் றால். தோலுக்கு வெளியே றாலின் சிவப்புத் தெரிகிறது. நந்திக்கடல் றாலைச் சொதி வைத்தும் பொரித்தும் தின்ற ஆட்கள் நாங்கள், றாலை இப்படிச் சட்டை போட்டுப் பார்த்ததில்லை. றால்தானே, பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டு மகள் ஓடர் கொடுக்கப் போனாள்.

நான் கேட்க வேண்டும். கேட்டால்தான் சரி. ஆனால் வாய் வரவில்லை.

ஏன் என்று யோசித்துப் பார்க்கிறேன். 2013 இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக நாடு முழுக்கச் சத்தம் கிளம்பியதும், உலமா சபை அந்தச் சான்றிதழ் வேலையை விட்டு விலகியதும் நினைவிருக்கும். பிறகு 2014 இலிருந்து வேறொரு சபை அதைச் செய்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் "ஹலால்" என்ற சொல்லைக் கடையில் சத்தமாகச் சொல்வதற்கே நாங்கள் கூச்சப்படப் பழகிவிட்டோம். 2019 க்குப் பிறகு அந்தக் கூச்சத்தோடு பயமும் சேர்ந்தது. சொன்னால் ஒருமாதிரிப் பார்ப்பார்களோ, "வந்துவிட்டார்கள்" என்று நினைப்பார்களோ என்று. அதனால் இரண்டில் ஒன்றைச் செய்வோம். கேட்காமல் சாப்பிட்டுவிட்டு மனதுக்குள் குமைவோம். அல்லது "பசி இல்லை" என்று பொய் சொல்லி எழும்புவோம்.

மேசைக்கு வந்த பையன் ஆங்கிலத்தில் கேட்டான். பிறகு சிங்களத்தில். நானும் மகளும் தமிழில் கதைப்பதைக் கேட்டதும் முகம் மாறியது. "சேர் எந்த இடம்?"

"தண்ணீரூற்று. முள்ளியவளைப் பக்கம்."

"நான் விசுவமடு சேர்!"

பத்தாயிரம் ரூபாய்ச் செருப்புப் போட்டவர்கள் இருக்கிற அந்த இடத்தில் விசுவமடு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கட்டியிருந்த ஏதோ அவிழ்ந்தது. கேட்டுவிட்டேன். "தம்பி, நாங்க முஸ்லிம். எங்களுக்குச் சரிவாற மாதிரி இங்க என்ன இருக்கு?"

அவன் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. மெனுவைத் தன் பக்கம் திருப்பி ஒவ்வொன்றாகச் சொன்னான். சியு மாய், பன்றியும் றாலும் கலந்தது. சார் சியு பாவ், அந்த வெள்ளைப் பணிஸுக்குள்ளே இருப்பது பன்றி. லோ பாக் கோ என்பது பெயருக்கு முள்ளங்கிப் பலகாரம், ஆனால் உள்ளே பன்றி சொசேஜ் துண்டு போடுவது. மகள் ஆசைப்பட்ட ஹார் காவுக்கு உள்ளே றால்தான், ஆனால் காய்ந்துபோகாமல் இருக்க நிணம் சேர்ப்பார்கள், அதுவும் பன்றி நிணம். சில கோழிச் சாமானில் ஊறவைக்கும்போது அரிசி வைன் விடுவது. "இன்னொண்டு சேர், தட்டெல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சுத்தான் அவிக்கிறது. கீழ்த் தட்டு ஆவி மேல் தட்டுக்குள்ளாலதான் போகும். நீங்க மரக்கறிதான் சொன்னாலும் அதையும் பாக்கோணும்."

இதை எழுதும்போதும் எனக்கு அந்தப் பிள்ளை மீது மரியாதை. நான் அரைகுறையாகக் கேட்ட கேள்விக்கு முழுதாகப் பதில் சொன்னான். ஆவியைப் பற்றி நான் யோசித்திருக்கவே மாட்டேன்.

உள்ளே போய்ச் சமையற்காரரிடம் கதைத்துவிட்டு வந்தான். காளான் மரக்கறி உருண்டையைப் புதுத் தட்டில், வேறு சட்டியில் அவித்துத் தரலாம், இருபது நிமிடம் செல்லும் என்றான். கடைசியில் இனிப்புக்கு ஒரு கேக் இருக்கிறது, அதுவும் அவிப்பது, இங்கே தாவர எண்ணெயில்தான் செய்வது என்றான். பெயர் மா லாய் கோ. "மலாய் கேக்" என்று அர்த்தமாம். சீனன் தன் பலகாரத்துக்கு மலாய்க்காரரின் பெயரை வைத்திருக்கிறான். சர்க்கரை நிறத்தில் பஞ்சு மாதிரி இருந்தது. மனைவி அதை மட்டும் இரண்டு தரம் எடுத்தாள்.

மகளுக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. "வாப்பா, நான் இதுக்கு முதல் ரெண்டு தரம் சிநேகிதிகளோட வந்து ஹார் காவ் சாப்பிட்டனான். றால்தானே எண்டு கேக்கவே இல்ல" என்றாள். நான் ஏசவில்லை. தெரியாமல் செய்தது. கேட்க வெட்கப்படுவதை அவளுக்குப் பழக்கியது நாங்கள்தானே.

ஆசிரியைக்குப் பதில்: ஏழாயிரம் ரூபாய்ச் சாப்பாடு. 10 வீதம் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 18 வீதம் வற் வரியும் சேர்ந்து ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. வயிறு அரைவாசிதான் நிரம்பியது. பஸ் ஏற முதல் புறக்கோட்டையில் பார்சல் வாங்கினோம் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

பள்ளிவாசல் படியில் கேட்டவருக்குப் பதில்: நாங்கள் கேட்டோம். சரிவந்ததைச் சாப்பிட்டோம். சரிவராததை விட்டோம்.

இனி மூன்றாவது ஆள்.

நாங்கள் 1990 ஒக்டோபரில் போனவர்கள். எனக்கு அப்போது 12 வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து, அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் கட்டி, 2011 இல் திரும்பி வந்தோம். பக்கத்துக் காணிக்கு அக்காவின் குடும்பம் அதே வருடம் வந்தது. அவர்கள் முள்ளிவாய்க்காலுக்குப் போய், பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு வந்தவர்கள். இரண்டு வீட்டிலும் தகரக் கூரை. இரண்டு வீட்டாருக்கும் சாப்பாட்டு வரிசையில் கோப்பையோடு நின்ற அனுபவம்.

வந்த முதல் நோன்புக்கு மனைவி நோன்புக் கஞ்சி காய்ச்சி ஒரு கிண்ணம் வேலிக்கு மேலால் கொடுத்தாள். அக்கா வாங்க முதலே கேட்டார், "தங்கச்சி, மாடு போட்டதோ? நான் மாடு தின்னுறேல்லயம்மா." அவ்வளவுதான். எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடுத்த நாளிலிருந்து இறைச்சி போட முதல் அவருக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைப்போம். இன்றைக்கு வரை அப்படித்தான்.

அதே வருடம் ஆடிப்பிறப்புக்கு அக்கா வீட்டிலிருந்து கொழுக்கட்டை வந்தது. பிறை மாதிரி மடித்து, ஓரத்தை விரலால் கிள்ளி மூடிய கொழுக்கட்டை. உள்ளே பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும். மனைவி சிரித்துக்கொண்டு வாங்கினாள். கதவை மூடிய பிறகு இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். படைத்ததோ, படைக்காததோ? படைத்தது என்றால் எங்களுக்குச் சரிவராது. கேட்டால் அவர் மனம் நோகும். சந்தேகம் என்றால் விடுவது நல்லது என்று கோழிக்குப் போட்டோம். அடுத்த வருடமும் அப்படி. அதற்கு அடுத்த வருடமும் அப்படி.

ஒரு வருடம் அக்காவின் கடைசிப் பெடியன் பந்து எடுக்க எங்கள் வளவுக்குள் வந்தான். கோழிகள் கொழுக்கட்டையைக் கொத்திக்கொண்டு நின்றன. பார்த்தான். பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த ஆடிப்பிறப்புக்குத் தட்டு வரவில்லை. பிறகும் வரவில்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. கதைபேச்சு நிற்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஒன்றாகப் போனோம், தேங்காய் கடன் வாங்கினோம். நோன்பு வந்தால் எங்கள் கஞ்சியை அவர் வழக்கம்போல வாங்கினார். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

கொழும்பிலிருந்து வந்து ஒரு கிழமையில் அக்கா வேலியடியில் போனைக் காட்டிக் கேட்டார், "சேர், இது எங்கட கொழுக்கட்டை மாதிரியல்லோ கிடக்கு? இதை அவ்வளவு தூரம் போயே சாப்பிட்டனீங்கள்?"

அவர் குத்திக் கேட்டாரா, சும்மா கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எனக்கு முகம் சிவந்துவிட்டது. முன்பின் தெரியாத கடையில், முன்பின் தெரியாத பெடியனிடம் ஐந்து நிமிடத்தில் கேட்ட கேள்வியை, பதினான்கு வருடம் பக்கத்தில் இருக்கிற மனிசியிடம் நான் கேட்கவில்லை. அவர் மனம் நோகக்கூடாது என்று கேட்காமல் விட்டேன். கேட்காமல் விட்டதால்தான் அவர் மனம் நொந்தது.

அன்றைக்குச் சொல்லிவிட்டேன். கோழிக்குப் போட்டதையும் சொன்னேன். படைத்ததோ என்ற சந்தேகத்தையும், கேட்கப் பயந்ததையும் சொன்னேன். மனைவி உள்ளே போய்விட்டாள், நிற்க முடியாமல்.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார், "பெடியன் வந்து சொன்னவன் சேர். எனக்குக் கோவம்தான் வந்தது, பொய் சொல்லேல்ல. உங்களுக்குக் குடுக்கிறது படைக்க முன்னமே எடுத்து வைக்கிறது. முதல் வருசத்திலயிருந்தே அப்பிடித்தான். மெனிக் பாமில உங்கட ஆக்கள் வந்து சாப்பாடு தந்தவை. அப்பவே உங்கட முறை எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

பிறகு அவரே சொன்னார், "நானும் சொல்லிக் குடுத்திருக்கலாம்தான்."

இதற்கு மேல் நான் என்ன எழுத?

என் சமூகத்துக்கு ஒரு வார்த்தை. ஹலால் ஹராம் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பார்ப்பதை நேராகக் கேட்டுப் பாருங்கள். முகத்துக்குச் சிரித்து வாங்கிவிட்டுப் பின்னால் கோழிக்குப் போடாதீர்கள். தமிழ்ச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் கேட்டால் அதை அவமதிப்பாக எடுக்காதீர்கள். மாடு போட்டதோ என்று நீங்கள் கேட்கும் அதே கேள்விதான் அது. பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே பழக்கினால் நல்லது. நாளைக்கு அவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போவார்கள், தெரியாத மேசைகளில் இருப்பார்கள்.

இந்த முறை ஆடிப்பிறப்புக்குத் தட்டு வந்தது. கடைசிப் பெடியன்தான் கொண்டுவந்தான், இப்போது ஏஎல் படிக்கிறான். பத்துக் கொழுக்கட்டை. "அம்மா சொல்லச் சொன்னவ, படைக்க முதல் எடுத்தது" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் சிரித்தான். நான் நாலு, மனைவி நாலு. இரண்டை மகளுக்குக் காட்ட வேண்டும் என்று படமெடுத்து வைத்துவிட்டு, இரவு அதையும் சாப்பிட்டுவிட்டோம்.

கோழிகள் வழக்கம்போல வாசலுக்கு வந்து நின்றன. ஒன்றும் கிடைக்கவில்லை.